எதுவரைக்கும் என்று கேட்கலாம்

பைபிளின் ஜெபப் பாடல்களில் ஒன்றான சங்கீதம் 13-ல் மொத்தம் ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள்ளேயே எதுவரைக்கும் என்ற கேள்வி நான்கு தடவை வந்துவிடுகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர் என்று ஒருவர் கடவுளைப் பார்த்தே கேட்கிறார். அவநம்பிக்கையில் கேட்கிற கேள்வி இல்லை இது. நம்பாதவருக்கு அவரிடம் போய்க் கேட்க என்ன இருக்கிறது? நம்புகிறவருக்குத்தான் இந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாக நிற்கும்.

நோயில் படுத்திருப்பவர், வேலை போனவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், முடிவே வராத வழக்கில் அலைகிறவர் எல்லாரும் ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்கிறார்கள். அப்போது சுற்றி இருப்பவர்கள் சொல்வது "விசுவாசமாயிருங்கள்" என்ற ஒற்றைச் சொல். எப்படி இருப்பது, காலையில் எழுந்ததும் என்ன செய்வது, ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. வேதத்திலோ அது நிறையவே இருக்கிறது, அதுவும் செய்முறையாக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் விசுவாசத்தை முறிப்பது துன்பத்தின் கனம் அல்ல, நாமே மனதுக்குள் குறித்து வைத்துக்கொள்கிற தேதிதான். இந்த மாதத்துக்குள் குணமாகிவிடும், இந்த வருஷக் கடைசிக்குள் கடன் தீர்ந்துவிடும் என்று ஒரு நாளைக் குறிக்கிறோம். அந்த நாள் சும்மா கடந்து போகும்போது கடவுளே வாக்குத் தவறிவிட்டதுபோல நெஞ்சு உடைகிறது. அவர் அந்தத் தேதியைச் சொல்லவே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வராது.

எரேமியா 28, 29 அதிகாரங்களை அடுத்தடுத்து ஒரே மூச்சில் படித்தால் இது விளங்கும். எருசலேமிலிருந்து ராஜாவையும் ஜனங்களில் ஒரு பகுதியையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனது கி.மு. 597-ல். அடுத்த சில ஆண்டுகளில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பும் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்றான். பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாகத் தீர்க்கதரிசி எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். இரண்டு வருஷம் என்றதற்கு எரேமியா முதலில் சொன்ன வார்த்தை "ஆமென்", அப்படியே ஆகட்டும் என்று. அப்படி நடந்தால் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருந்த கணக்கு 70 வருஷம்.

இரண்டு வருஷம் என்று நம்புகிறவன் மூட்டையை அவிழ்க்கவே மாட்டான். வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பான். 70 வருஷம் என்று கேட்டவர்களுக்கோ அந்தக் கடிதம் வேலை கொடுத்தது: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள். சுவரில் மாட்டுகிற வாக்குத்தத்த வசனமாக நாம் அறிந்திருக்கிற எரேமியா 29:11 இந்தக் கடிதத்தின் நடுவில்தான் வருகிறது. அதற்கு முந்திய வசனத்தில் 70 வருஷம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வார்த்தையை முதலில் கேட்டவர்களில் வயதானவர்கள் அந்நிய மண்ணிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். அந்த வசனத்தைப் பத்தாம் வசனத்தோடு சேர்த்துப் படிக்கப் பழகினால் அதன் ஆறுதல் குறையாது, இன்னும் உறுதியாகும். தேதி தெரியாமலே ஒரு செடியை நட முடிகிற நம்பிக்கை அது.

இனி செய்முறை. சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள் என்று சொல்லலாம். அதாவது கடவுளிடம் முறையிடுவதற்கு ஒரு வடிவம் உண்டு, அதைப் பழகிக்கொள்ளலாம். மிகச் சின்ன உதாரணம் இந்த 13-ம் சங்கீதம்தான். இரண்டு வசனம் முறையீடு, இரண்டு வசனம் விண்ணப்பம், இரண்டு வசனம் நம்பிக்கை.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 20 நிமிஷம் போதும், ஒரே நேரத்தில். படுக்கப் போகும் நேரம் வேண்டாம், எழுதியது தூக்கத்துக்குள் கூடவே வந்துவிடும். முதல் 10 நிமிஷம் முறையீடு. சங்கீதக்காரர் மூன்று பக்கம் திரும்பிப் பேசுவதைக் கவனியுங்கள். கடவுளைப் பற்றி: நீர் மறந்துவிட்டீர். தன்னைப் பற்றி: என் இருதயத்தில் நித்தமும் சஞ்சலம். எதிராளியைப் பற்றி: அவன் என்மேல் உயர்ந்து நிற்கிறான். நம்மில் பலர் மூன்றாவதை மட்டும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு நின்றுவிடுவோம். சிலர் தன்னையே நொந்துகொள்வதோடு சரி. முதலாவதை எழுதத்தான் கை கூசும். அதை எழுதாதவரை மற்ற இரண்டும் ஆறாது. எழுதும் ஒவ்வொரு வரியும் "நீர்" என்று அவரை நோக்கி இருக்கட்டும். "கடவுள் ஏன் இப்படிச் செய்கிறார்" என்று எழுதுவதற்கும் "நீர் ஏன் இப்படிச் செய்கிறீர்" என்று எழுதுவதற்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தைக் கையே உணரும்.

புலம்பலுக்கும் வெறுமனே உள்ளுக்குள் அரைத்துக்கொண்டே இருப்பதற்கும் உள்ள எல்லையும் அங்கேதான். இரண்டாம் வசனத்தில் அவர் அலுத்துக்கொள்வது எதை? எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே நானே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன் என்பதை. தனக்குத் தானே பேசிப் பேசிக் களைத்த மனிதர், அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக் கேட்பவர் முன் வைக்கிறார். 10 நிமிஷம் முடிந்ததும் நிறுத்துவது அவசியம். புலம்பல் என்ற புத்தகத்தைப் பாருங்கள். எருசலேம் அழிந்ததைப் பாடும் அந்தக் கவிதைகளில் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய எழுத்துகள் 22-ன் வரிசையில் கட்டப்பட்டவை. நம் மொழியில் சொன்னால் அ-வில் தொடங்கி ன-வில் முடிப்பதுபோல. மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மும்மூன்றாக 66 வசனங்கள். எல்லாவற்றையும் சொல்லலாம், ஒன்றும் விடவேண்டாம். ஆனால் கடைசி எழுத்து வந்ததும் நிற்கிறது. கரையில்லாத துக்கத்துக்கு ஒரு கரை கட்டிக்கொண்டே அவர்கள் அழுதிருக்கிறார்கள்.

அடுத்த 5 நிமிஷம் விண்ணப்பம். நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும் என்று மூன்றே மூன்று கேட்கிறார், அதற்குக் காரணமும் சொல்கிறார். "எல்லாம் சரியாகட்டும்" என்று கேட்டால், எது நடந்தபோது அந்த ஜெபம் கேட்கப்பட்டது என்று பிறகு யாருக்கும் தெரியாது. "வியாழக்கிழமை ஸ்கேன் எடுக்கும்போது பயத்தில் மூச்சு முட்டாமல் இருக்க உதவும்" என்று எழுதினால் வெள்ளிக்கிழமை அதைத் திருப்பிப் பார்க்கலாம். பெரிய விண்ணப்பம் ஒன்று, இன்றைக்கான சின்ன விண்ணப்பம் ஒன்று, இரண்டையும் எழுதுங்கள்.

கடைசி 5 நிமிஷம்தான் கடினம். ஐந்தாம் வசனத்தில் ஒரு திருப்பம் வருகிறது, "நானோ" என்கிறது எபிரெய மூலம். நிலைமை மாறியதாக எந்தத் தகவலும் இல்லை. எதிராளி அங்கேயே நிற்கிறான். ஆனாலும் பாடுவேன் என்கிறார், காரணம் கர்த்தர் நன்மை "செய்தபடியால்". இறந்தகாலம். ஆகவே இந்தப் பகுதியில் உணர்ச்சியைத் தேடாதீர்கள். நடந்து முடிந்த ஒரு நன்மையை, முடிந்தால் வருஷத்தோடும் சம்பந்தப்பட்ட ஆளோடும், ஒரே வரியில் எழுதுங்கள். அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு நாளைக்கு ஒன்று என்றால் மாதக் கடைசியில் 30 வரிகள் சேர்ந்திருக்கும், அவை விழிப்பு வந்த இரவுகளில் வாய்விட்டுப் படிக்க உதவும்.

எழுத வரவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். வராததை வந்ததாக எழுத வேண்டாம். சங்கீதம் 88 அப்படி வெறுமையாக விடப்பட்டதுதான். எஸ்ராகியனாகிய ஏமானின் பெயரில் உள்ள அந்தச் சங்கீதத்தில் "நானோ நம்பியிருக்கிறேன்" என்ற திருப்பமே இல்லை. அது இருளில் முடிகிறது. அதையும் ஆராதனைப் பாட்டாகச் சேர்த்து வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்தார்கள். இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்று தொடங்கிவிட்டதே, அந்தக் கூப்பிடுதலே அன்றைக்கு அவரால் முடிந்த விசுவாசம்.

நான்கு வாரம் கழித்து வேறு நிற மையில் பழைய பக்கங்களைத் திருத்துங்கள். நடந்ததற்கு ஒரு குறி, வேறு விதமாக நடந்ததற்கு ஒரு குறி, இன்னும் அப்படியே இருப்பதற்கு ஒரு குறி. மூன்றாவது குறிதான் அதிகம் இருக்கலாம். அப்போஸ்தலர் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக, அதாவது உடம்பை வாட்டிய ஒரு வேதனைக்காக, மூன்று தரம் கேட்டார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் மட்டும் வந்தது. மூன்று தரம் கேட்டதை அவர் மறைக்கவில்லை, எண்ணிக்கையோடு எழுதி வைத்திருக்கிறார்.

ஜெபத்துக்கு முன்னால் உடம்பு. இதைச் சொன்னால் ஆவிக்குரியது இல்லை என்று நினைப்பவர்கள் 1 இராஜாக்கள் 19-ஐ மெதுவாகப் படிக்கட்டும். தீர்க்கதரிசி எலியா பெயெர்செபா என்ற ஊரில் தன் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்கிறார். அப்போது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார், அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் தரமும் சாப்பாடு. இந்த முறை, நீ போகவேண்டிய தூரம் வெகுதூரம் என்று ஒரு காரணம். அதற்குப் பிறகு 40 நாள் நடை. அதற்கும் பிறகுதான் ஓரேப் மலையில், எலியாவே இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி. காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் போனபின் அமர்ந்த மெல்லிய சத்தம். முடிவில் மூன்று வேலைகள்: ஆசகேல், யெகூ, எலிசா ஆகிய மூவரை அபிஷேகம் பண்ண வேண்டும். நான் ஒருவன்தான் மிஞ்சினேன் என்று சொன்னவருக்கு, இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு.

இந்த வரிசையைத் தலைகீழாக்கும்போதுதான் பலருக்கும் கெட்டுப்போகிறது. தூங்காத, சாப்பிடாத ஒருவரிடம் முதல் நாளே உன் நோக்கம் என்ன என்று கேட்கிறோம். துக்கம் புதிதாக இருக்கும் முதல் வாரங்களில் வேளாவேளைக்கு ஏதாவது வயிற்றில் போவது, படுக்கும் நேரம் மாறாமல் இருப்பது, வெளிச்சத்தில் கொஞ்சம் நடப்பது, கூட ஒரு ஆள் இருப்பது, இவை நான்கும் விசுவாசத்தின் வேலைகள்தாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, காத்திருக்காமல், நெருங்கிய ஒருவரிடம் சொல்லி அவரையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். மாத்திரை எடுப்பதால் விசுவாசம் குறைந்துவிடாது. தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்பதைத்தான்.

இதோடு சேர்த்து இன்னொரு தவறு. அடி வாங்குகிறவரைப் பார்த்து, சகித்துக்கொள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது. ராஜா சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடிப்போனார். பவுலைத் தமஸ்குவில் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். சாட்டையால் அடிக்கக் கட்டியபோது நான் ரோமக் குடிமகன் என்றார், பிறகு இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடமே மேல்முறையீடு செய்தார். தப்பிக்க வழியும் சட்டமும் இருக்கும்போது அவற்றைப் பயன்படுத்துவது கடவுளை நம்பாததற்கு அடையாளம் ஆகாது. சுமக்க வேண்டிய சிலுவையும், யாரோ ஒருவர் தன் கோபத்தால் நம்மேல் ஏற்றுகிற பாரமும் ஒன்றல்ல. இதைக் கலந்து பேசி எத்தனையோ பேரை ஆபத்துக்குள்ளேயே உட்கார வைத்திருக்கிறோம்.

நாளையைப் பற்றிய பயத்துக்கு யாத்திராகமம் 16-ல் ஒரு அளவு இருக்கிறது: வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவு, ஆளுக்கு ஒரு ஓமர், சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும் அளவு. விடியுமட்டும் மீதம் வைத்தால் பூச்சி பிடித்து நாறிப்போகும். ஆனால் ஆறாம் நாளில் இரண்டு ஓமர், அது கெடவில்லை. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, திட்டமிடுவதே அவிசுவாசம் என்று பேசுகிறவர்கள் உண்டு. இரண்டாம் பாதியும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. நாளைக்கான வேலையை இன்றைக்குச் செய்யச் சொல்லியிருந்தால் செய்ய வேண்டும்: மருத்துவரிடம் நேரம் வாங்குவது, கடன் கொடுத்தவரிடம் போய் உண்மையைப் பேசுவது, பத்திரங்களை ஒழுங்காக அடுக்குவது. கெட்டுப்போவது, ஆறு மாதம் கழித்து வரப்போகும் துக்கத்தை இன்றைக்கே எடுத்து உண்ணப் பார்ப்பது. அந்தத் துக்கத்துக்கான பலம் இன்றைய ஓமருக்குள் இல்லை. பயம் வரும்போது தாளை நடுவில் மடித்து, இன்று என் கையால் ஆவது ஒரு பக்கம், இன்று ஆகாதது மறுபக்கம் என்று எழுதி, முதல் பக்கத்தில் ஒன்றையாவது மதியத்துக்குள் செய்து முடியுங்கள்.

நோக்கம் என்ற சொல்லுக்கு இப்போது வரலாம். சொந்தச் சகோதரர்களே குழியில் போட்டு, எகிப்துக்குப் போகும்படி விற்றுவிட்ட யோசேப்பின் வயதுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விற்கப்பட்டபோது 17. பார்வோன் முன் நின்றபோது 30. நிறைவான ஏழு வருஷமும் பஞ்சத்தில் இரண்டும் போய்ச் சகோதரரிடம் தன்னைக் காட்டியபோது 39 அளவில். அவருடைய அப்பா யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்து இறந்தபின் வருவதுதான், "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற பொருளில் அவர் பேசும் புகழ்பெற்ற வார்த்தை. அப்போது அவருக்கு வயது 56 அளவில். அதாவது குழிக்குள் போட்டு ஏறத்தாழ 39 வருஷம். சகோதரரைச் சந்தித்த அன்றே அதன் பாதியைச் சொல்லிவிட்டார், ஆனால் அதற்கும் 22 வருஷம் ஆனது. குழிக்குள் இருந்தபோது அவர் அப்படிச் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. பதிலாக, அவர் கெஞ்சினார், நாம் கேட்கவில்லை என்று சகோதரர்களே பின்னால் ஒப்புக்கொள்கிறார்கள்.

அப்படியானால் நடுவில் இருந்த வருஷங்களுக்கு என்ன நோக்கம்? ஆதியாகமம் 40-ல் சிறைக்குள் ஒரு காலை. பார்வோனின் பானபாத்திரக்காரனும் சுயம்பாகியும் (அப்பம் சுடுகிறவன்) கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். யோசேப்பு அவர்கள் முகத்தைப் பார்த்து, இன்று ஏன் துக்கமாய் இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அவ்வளவுதான். தான் அநியாயமாக அடைபட்டிருக்கும் இடத்தில் இன்னொருவர் முகம் வாடியிருப்பது அவர் கண்ணில் பட்டது. அதற்கு உடனே பலனும் வரவில்லை, விடுதலையான பானபாத்திரக்காரன் இரண்டு வருஷம் அவரை மறந்தே போனான். என்னை நினைத்துக்கொள் என்று யோசேப்பு வாய்விட்டுக் கேட்டும்கூட.

துன்பத்துக்கான மொத்த விளக்கம் என்றைக்காவது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இன்றைக்கான நோக்கம் அந்த விளக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்று போதும், அரை மணி நேரத்துக்குள் முடிவதாக, இப்போது இருக்கிற உடல்நிலையிலேயே செய்யக்கூடியதாக. படுக்கையில் இருப்பவர் ஒரு போன் செய்யலாம், அடுத்த படுக்கைக்காரரின் பெயரைத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லி ஜெபிக்கலாம். வேலை போனவர் ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதில் உங்கள் கதையைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆறாத புண்ணைச் சீக்கிரமே சபை முன் சாட்சியாக்கச் சொல்லி வற்புறுத்துகிறவர்களிடம், இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

மற்றவரின் துன்பத்துக்கு நோக்கம் கண்டுபிடித்துக் கொடுப்பதும் நம் வேலை இல்லை. "நன்மையாக முடியப்பண்ணினார்" என்றது யோசேப்பு, தன்னைப் பற்றி, தன் வாயால். அதையே சகோதரர்களில் ஒருவன் குழியின் விளிம்பில் நின்று சொல்லியிருந்தால் எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும்! பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் நண்பர்கள் ஏழு நாளும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே அதுதான் நல்ல காரியம். வாயைத் திறந்து விளக்கம் சொன்ன பிறகுதான் தப்பானது, முடிவில் கடவுளின் கோபம் அவர்கள்மேல் வருகிறது, கேள்வி கேட்டுக் கத்திய யோபுவோ நிதானமாய்ப் பேசினவர் என்று பெயர் வாங்குகிறார். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் "நான் இருக்கிறேன்" என்பதற்கு மேல் பேச வேண்டியதில்லை. சாப்பாட்டையும், மருந்துச் சீட்டையும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவதையும் கவனித்துக்கொண்டால் அதுவே பெரிது.

எரேமியா 32-ம் அதிகாரத்தையும் இதோடு படித்துவிடுங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் விழும் என்று சொன்னதற்காகத்தான் அடைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஒருவரின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். கர்த்தர் முன்னமே சொல்லியிருந்தபடி அவர் வாங்குகிறார். 17 சேக்கல் நிறை வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, முத்திரைபோட்டு, சாட்சிகளை வைக்கிறார். முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று, இரண்டையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். பத்திரத்தைப் பாருக்கிடம் கொடுத்து முடித்த பிறகுதான், நகரமே எதிரி கையில் போகிற நேரத்தில் நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று ஜெபத்தில் கேட்கிறார். வெள்ளியை முதலில் நிறுத்துவிட்டார்.